எல்.இ.டி. ஏன் மினுக்கவில்லை? எஃப்.பி.ஜி.ஏ. போர்டோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு, அறிகுறி வாரியாக

சின்தசிஸ் (எழுதிய கோடைச் சுற்றாக மாற்றும் கட்டம்) ஒரு எரர்கூட இல்லாமல் முடிந்தது, பிட்ஸ்ட்ரீம் (அந்தச் சுற்றைச் சிப்புக்குச் சொல்லும் கோப்பு) ஏறிவிட்டது என்று திரையில் வந்துவிட்டது, போர்டு மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எஃப்.பி.ஜி.ஏ. என்பது உள்ளே இருக்கும் சுற்றை நாமே மாற்றி அமைத்துக்கொள்ளும் சிப், அந்தச் சுற்றை விவரிக்கும் மொழி வெரிலாக். இதைப் பழக ஆரம்பித்தவர்கள் எல்லோரும் ஒரு ராத்திரியாவது இந்த இடத்துக்கு வந்திருப்பார்கள். பைத்தானிலிருந்தோ சி-யிலிருந்தோ வருகிறவர்களுக்கு எரிச்சல் இன்னும் அதிகம், ஏனென்றால் நடுவில் ஒரு பிரின்ட் போட்டுப் பார்க்கலாமே என்று கை போகும், போட இடமிருக்காது. நாம் எழுதிக் கொடுத்தது சிப்புக்குள் எந்தக் கம்பி எதோடு சேர வேண்டும் என்ற விவரம்தான், எல்லாக் கம்பியிலும் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும், அதனால் "எந்த வரியில் நிற்கிறது" என்ற கேள்விக்கே இங்கே அர்த்தமில்லை. வெளியே கண்ணுக்குத் தெரிகிற கோளாறிலிருந்து உள்ளே இருக்கும் கம்பிக்குப் பின்னோக்கிப் போக வேண்டும். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

என் மேசையில் இருப்பது டேங் நானோ 9கே. கோவின் நிறுவனத்தின் ஜி.டபிள்யூ.1.என்.ஆர்.-9 சிப், 8640 லுக்அப் டேபிள் (தர்க்கக் கணக்கு செய்பவை), 6480 ஃபிளிப்-ஃபிளாப் (ஆளுக்கு ஒரு பிட்டை நினைவில் வைப்பவை), 27 மெகாஹெர்ட்ஸ் க்ளாக் (எல்லாவற்றுக்கும் தாளம் போடும் துடிப்பு), 6 எல்.இ.டி., 2 பொத்தான். கீழே வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான். பேசிஸ் 3 என்ற போர்டை வைத்திருந்தால் உங்கள் க்ளாக் 100 மெகாஹெர்ட்ஸ், அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கணினிக்குப் போர்டே தெரியவில்லை

முதலில் கேபிளை மாற்றுங்கள். நான் இரண்டு மாலை முழுக்க டிரைவரை ஏற்றுவதும் நீக்குவதுமாக இருந்தேன், கடைசியில் பார்த்தால் அது ஒரு பழைய பவர் பேங்கோடு வந்த கேபிள், சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா கம்பியே உள்ளே கிடையாது. போர்டில் விளக்கு எரிவதால் கேபிள் நல்ல கேபிள் என்று மனசு நம்பிவிடுகிறது. கேபிள் சரி, லினக்ஸ் என்றால் அடுத்த சந்தேகம் அனுமதி. சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டால் கண்டுபிடிக்கிறது, போடாவிட்டால் இல்லை என்றால் யூடெவ் விதிக் கோப்பு (எந்தக் கருவியை யார் தொடலாம் என்று லினக்ஸுக்குச் சொல்வது) சேர்க்கவில்லை என்று அர்த்தம். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

பிட்ஸ்ட்ரீம் ஏறியது, எல்.இ.டி. மினுக்கவில்லை

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "மினுக்கவில்லை" என்று எல்லோரும் சொல்வது உண்மையில் நாலைந்து வேறு வேறு வியாதி. எல்.இ.டி.யை உற்றுப் பாருங்கள், அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.

வழக்கத்தைவிடக் கொஞ்சம் மங்கலாக, ஆடாமல் அசையாமல் எரிகிறதா? அது மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் பிடிபடவில்லை. க்ளாக்குக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போகும் கவுண்டரின் கடைசி பிட்டை எல்.இ.டி.க்குக் கொடுத்திருப்பீர்கள், அது 27 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் தடவை எரிந்து அணையும். மேலே போகப் போக ஒவ்வொரு பிட்டும் வேகத்தைப் பாதியாக்கும். 25 பிட் கவுண்டர் வைத்து அதன் உச்சி பிட்டை, அதாவது 24ஆம் எண்ணுள்ள பிட்டை எடுத்தால் ஒரு முழுச் சுற்றுக்கு 1.24 நொடி ஆகும், கண்ணுக்கு இதமாக இருக்கும்.

முழுப் பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்கிறது, அல்லது சுத்தமாக எரியவே இல்லை என்றால் கவுண்டர் நகரவில்லை. இப்போது ஒரு காரியம் செய்யுங்கள், ரீசெட்டுக்கு வைத்திருக்கும் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும்போது மட்டும் மினுக்கினால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இந்தப் போர்டில் பொத்தான் சும்மா இருக்கும்போது 1, அழுத்தினால் 0. ரீசெட் 1 ஆனால் கவுண்டரைப் பூஜ்ஜியமாக்கு என்று எழுதியிருந்தால், நீங்கள் கை வைக்காத நேரமெல்லாம் அது ரீசெட்டிலேயே கிடக்கிறது. எல்.இ.டி.யும் அதே கதைதான், 0 கொடுத்தால் எரியும், 1 கொடுத்தால் அணையும். ஆறு எல்.இ.டி.யிலும் கவுண்டரை அப்படியே காட்டினால் எண்ணிக்கை இறங்குமுகமாகப் போவதுபோல் தெரிவதும் இதனால்தான்.

பொத்தானை அழுத்தியும் ஒன்றும் ஆகவில்லையா, எந்தச் சிக்னல் சிப்பின் எந்தக் காலில் என்று எழுதும் பின் கோப்பைத் திறங்கள். க்ளாக் 52ஆம் பின்னில் இருக்கிறதா? எல்.இ.டி.கள் 10, 11, 13, 14, 15, 16. நடுவில் 12 கிடையாது, வரிசையாக எழுதிக்கொண்டே போகிற கை அங்கே தடுக்கி விழும். பொத்தான்கள் 3, 4. இந்த எல்.இ.டி.களும் பொத்தான்களும் 1.8 வோல்ட் பாங்கில் (ஒரே மின்னழுத்தத்தைப் பகிரும் பின்களின் தொகுதி) இருப்பவை, ஒன்றுக்கு 1.8, இன்னொன்றுக்கு 3.3 என்று கலந்து எழுதினால் பின்களை இடம்பிடிக்கும் கட்டத்தில் சண்டைக்கு வரும்.

கடைசியாக ஒன்று. "27,000,000 வந்ததும் எல்.இ.டி.யை மாற்று" என்று எழுதிவிட்டுக் கவுண்டரை 24 பிட்டாக அறிவித்திருந்தால், அந்தக் கவுண்டரால் 16,777,215-ஐத் தாண்டவே முடியாது. திரும்பத் திரும்பப் பூஜ்ஜியத்துக்கு வந்துகொண்டிருக்கும், நீங்கள் எதிர்பார்க்கும் எண் ஒருநாளும் வராது. இதற்கு எரர் வராது, பல கருவிகள் உங்களைத் தட்டிக்கூடக் கேட்காது.

சிமுலேஷனில் எல்லாம் சிவப்பாக இருக்கிறது

போர்டில் ஏற்றாமல் கணினியிலேயே ஐகாரஸ் வெரிலாக் என்ற சிமுலேட்டரில் ஓட்டி, அலைவடிவம் காட்டும் ஜி.டி.கே.வேவில் திறந்தால் முழுக்கச் சிவப்புப் பட்டை, உள்ளே எக்ஸ் என்று எழுதியிருக்கிறது. எக்ஸ் என்றால் "இது 0-வா 1-ஆ எனக்குத் தெரியாது" என்று சிமுலேட்டர் கை விரிக்கிறது. தெரியாத எண்ணோடு 1-ஐக் கூட்டினாலும் தெரியாத எண்தான் வரும், அதனால் தொடக்க மதிப்பு கொடுக்காத கவுண்டர் எத்தனை க்ளாக் போனாலும் எக்ஸிலேயே நிற்கும். மதிப்பை வைத்திருக்கும் ரெக் மாறியை அறிவிக்கும்போதே பூஜ்ஜியம் கொடுங்கள், அல்லது டெஸ்ட்பெஞ்சில் (சிமுலேஷனுக்கு இன்புட் கொடுக்கும் கோடு) முதல் சில க்ளாக்குக்கு ரீசெட்டை உண்மையிலேயே அழுத்துங்கள். பெரும்பாலான எஃப்.பி.ஜி.ஏ.களில் ஃபிளிப்-ஃபிளாப்கள் விழிக்கும்போதே 0-வாக விழிப்பதால் இதே கோடு போர்டில் ஒழுங்காக ஓடிவிடும், "சிமுலேஷன்தான் பொய் சொல்கிறது" என்று நினைத்துக்கொள்வோம்.

எக்ஸுக்குப் பதில் இசட் வந்தால் அந்தக் கம்பியை யாரும் ஓட்டவில்லை என்று அர்த்தம், எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. வெரிலாக்கின் ஒரு பழைய கெட்ட பழக்கம் இங்கே வேலை காட்டும்: மாட்யூலை (சுற்றின் ஒரு துண்டு) இணைக்கும்போது கம்பியின் பெயரில் எழுத்துப்பிழை விட்டால் அது எரர் ஆகாது, அந்தத் தப்பான பெயரில் ஒரு பிட் அகலத்தில் புதிதாக ஒரு கம்பியை அதுவே செய்துகொள்ளும். 8 பிட் டேட்டாவில் ஒரே ஒரு பிட் மட்டும் ஆடி மற்ற ஏழும் இசட்டாகத் தொங்கினால் வேறெங்கும் போகாதீர்கள், பெயரைப் பாருங்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் டிஃபால்ட் நெட்டைப் நன் (`default_nettype none) என்று ஒரு வரி போட்டுவிட்டால் இந்தத் தொல்லை எரராகவே வந்து நிற்கும். நான் இப்போது அந்த வரி இல்லாமல் கோப்பே ஆரம்பிப்பதில்லை.

சிமுலேஷனில் சரி, போர்டில் தப்பு (அல்லது இரண்டிலும் தப்பு, ஏனென்று தெரியவில்லை)

பொத்தானிலிருந்து வரும் சிக்னலை மூன்று ஃபிளிப்-ஃபிளாப் வழியாகத் தள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். க்ளாக் 0-விலிருந்து 1-க்கு ஏறும் ஒவ்வொரு தடவையும் ஓடும் ஆல்வேஸ் பிளாக்குக்குள் இப்படி எழுதுகிறோம்:

அ = உள்;
ஆ = அ;
இ = ஆ;

சாதா சமக்குறி போட்டால் மதிப்பு அந்த இடத்திலேயே மாறிவிடும். முதல் வரியில் அ-வுக்கு உள்-இன் மதிப்பு வந்துவிட்டது, இரண்டாவது வரி அந்தப் புது அ-வை ஆ-வுக்குக் கொடுக்கிறது, மூன்றாவது அதையே இ-க்கு. ஒரே க்ளாக்கில் மூன்றும் ஒன்றாகிவிட்டன. மூன்று ஃபிளிப்-ஃபிளாப் கேட்ட இடத்தில் ஒன்றுதான் மிஞ்சும். இதையே <= போட்டு எழுதினால் வலப்பக்கம் எல்லாவற்றையும் பழைய மதிப்பிலேயே படித்துவைத்துக்கொண்டு, அப்புறம் மூன்றையும் சேர்த்து மாற்றும், உள்ளே வந்தது மூன்று க்ளாக் கழித்து வெளியே வரும். க்ளாக் உள்ள பிளாக்கில் எப்போதும் <=, க்ளாக் இல்லாத பிளாக்கில் எப்போதும் =. விதிவிலக்கு இருக்கிறது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு இதையே செய்யுங்கள்.

இந்த மூன்று வரியையும் சாதா சமக்குறியோடு தனித்தனி ஆல்வேஸ் பிளாக்கில் போட்டால் கதை இன்னும் மோசம். எந்த பிளாக் முதலில் ஓடும் என்று மொழியில் விதியே இல்லை, சிமுலேட்டர் ஒரு வரிசையைத் தானாக எடுத்துக்கொள்ளும், சிப்பில் வேறு நடக்கும். டெஸ்ட்பெஞ்சில் இன்புட்டைச் சரியாக க்ளாக் ஏறும் அதே கணத்தில் மாற்றினாலும் இதே குழப்பம்தான், க்ளாக் இறங்கும்போது மாற்றிப் பழகுங்கள்.

போர்டும் சிமுலேஷனும் முரண்டுபிடிக்க இன்னும் சில காரணங்கள் உண்டு. ஹேஷ் போட்டு எழுதும் தாமதங்களைச் சின்தசிஸ் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, 10 நேனோநொடி கழித்து மாற்று என்று எழுதினால் சிமுலேஷனில் மட்டும்தான் அது நடக்கும். ஆல்வேஸின் அடைப்புக்குள் ஒரு சிக்னல் பெயரை விட்டுவிட்டால் சிமுலேட்டர் அந்தச் சிக்னல் மாறும்போது பிளாக்கை எழுப்பாது, சின்தசிஸோ அந்தப் பட்டியலை மதிக்காமல் முழுச் சுற்றையும் கட்டிவிடும். நட்சத்திரக் குறி போட்டால் பிரச்சினையே இல்லை. அப்புறம் லேட்ச். க்ளாக் இல்லாத பிளாக்கில் இஃப் எழுதி எல்ஸ் எழுதாமல் விட்டால், "மற்ற நேரத்தில் பழைய மதிப்பையே வைத்துக்கொள்" என்று அர்த்தமாகி, நீங்கள் கேட்காத ஒரு நினைவகம் உள்ளே முளைத்துவிடும். எச்சரிக்கைகளில் லேட்ச் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், வேண்டுமென்றே வைத்தாலொழிய ஒன்றுகூட இருக்கக் கூடாது. பிளாக்கின் முதல் வரியிலேயே எல்லா அவுட்புட்டுக்கும் ஒரு சாதாரண மதிப்பைக் கொடுத்துவிட்டு, பிறகு இஃப், கேஸ் எல்லாம் எழுதினால் இது வராது.

ஒரு தடவை அழுத்தினால் ஏழு தடவை எண்ணுகிறது

எத்தனை தடவை எண்ணுகிறது என்பதைப் பாருங்கள். ஒரு அழுத்தலுக்கு ஆறு எல்.இ.டி.யும் ஏதோ ஒரு சம்பந்தமில்லாத எண்ணில் வந்து நின்றால் அது லட்சக்கணக்கில் எண்ணிச் சுற்றிவிட்டது. விரல் பொத்தானில் இருக்கும் 0.2 நொடிக்குள் 54 லட்சம் க்ளாக் போய்விடுகிறது, "அழுத்தியிருந்தால் ஒன்று கூட்டு" என்று எழுதியதை அது அத்தனை தடவையும் செய்திருக்கிறது. அழுத்தியிருக்கிறதா என்று பார்க்காமல், போன க்ளாக்கில் அழுத்தாமல் இருந்து இந்த க்ளாக்கில் அழுத்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முந்தைய மதிப்பை வைத்துக்கொள்ள ஒரு ஃபிளிப்-ஃபிளாப், ஒரு ஆண்ட் கேட், போதும்.

அதையும் செய்தாயிற்று, இன்னும் ஒன்றுக்குப் பதில் மூன்று, ஏழு என்று வருகிறது என்றால் அது பொத்தானின் துள்ளல். உள்ளே இருக்கும் உலோகத் தகடு ஒரே தொடலில் ஒட்டிவிடாது, சில மில்லிநொடிக்குத் துள்ளித் துள்ளித்தான் நிற்கும். சிக்னல் மாறியபின் 20 மில்லிநொடி அசையாமல் இருந்தால் மட்டும் நம்புங்கள். 27 மெகாஹெர்ட்ஸில் 19 பிட் கவுண்டர் நிரம்பி வழிய 19.4 மில்லிநொடி, அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது: பொத்தான் ஆடும்போதெல்லாம் கவுண்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள், அது நிரம்பினால் மட்டும் புது மதிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று மாட்டிக்கொண்டது

என்னை மூன்று நாள் அலைக்கழித்தது இதுதான். டிராஃபிக் சிக்னல் மாதிரி ஒன்று, மூன்று நிலை, இரண்டு பிட்: 00 சிவப்பு, 01 பச்சை, 10 மஞ்சள். பொத்தானை அழுத்தினால் பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போக வேண்டும். முப்பது நாற்பது தடவை ஒழுங்காகப் போகும், ஒரு தடவை மூன்று விளக்கும் அணைந்துவிடும், அப்புறம் ரீசெட் அழுத்தினால்தான் உயிர் வரும். கோடை எத்தனை முறை படித்தாலும் தப்பு தெரியவில்லை, ஏனென்றால் கோடின் தர்க்கத்தில் தப்பே இல்லை.

பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போக 01 என்பது 10 ஆக வேண்டும், அதாவது இரண்டு பிட்டும் ஒரே க்ளாக்கில் மாற வேண்டும். பொத்தான் சிக்னல் இந்த இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புக்கும் வேறு வேறு நீளமுள்ள வழியில் போகிறது. க்ளாக் ஏறுவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் விரல் பட்டால், ஒன்று புதுச் செய்தியைப் பார்த்துவிடும், மற்றது பழையதையே பார்க்கும். மேல் பிட் மாறி, கீழ் பிட் மாறாமல் நின்றால் 11. அப்படி ஒரு நிலையை நான் எழுதவே இல்லை, அதிலிருந்து வெளியே வரும் வழியும் இல்லை. போதாக்குறைக்கு, சிக்னல் மாறும் அதே கணத்தில் க்ளாக் ஏறினால் ஃபிளிப்-ஃபிளாப் 0-வா 1-ஆ என்று முடிவெடுக்காமல் கொஞ்ச நேரம் ஊசலாடவும் செய்யும். மெட்டாஸ்டபிலிட்டி என்பது இதுதான்.

மருந்து எளிது: வெளியிலிருந்து வரும் எதுவானாலும், பொத்தானோ சீரியல் கம்பியோ, முதலில் அடுத்தடுத்து இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் வழியாக வரட்டும், உள்ளே உள்ள எல்லோரும் இரண்டாவதன் மதிப்பை மட்டும் பார்க்கட்டும். கேஸுக்கு டிஃபால்ட் எழுதுவதும் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், அந்த நிலைக்கு வரவே வழியில்லை என்று முடிவுகட்டிச் சின்தசிஸ் அதைத் தூக்கிவிடலாம்.

சீரியலில் குப்பை குப்பையாக வருகிறது

சீரியல் என்பது ஒரே கம்பியில் பிட் பிட்டாக அனுப்புவது. 115200 பாடில், அதாவது நொடிக்கு 115200 பிட் வேகத்தில், ஒரு பிட்டின் அகலம் 27,000,000 வகுத்தல் 115,200, அதாவது 234.375 க்ளாக். 234 என்று வைத்தால் பிழை 0.16 சதவீதம், தொல்லையில்லை. எங்கிருந்தோ எடுத்த கோடில் 868 என்று இருந்தால் அது 100 மெகாஹெர்ட்ஸ் போர்டுக்கு எழுதியது, உங்கள் போர்டில் அது 31,106 பாடாக வெளியே வரும், டெர்மினலில் கண்றாவியாக ஏதோ ஓடும்.

ஏ என்ற பெரிய எழுத்தை அனுப்பினால் ஹெக்ஸில் 41 வர வேண்டும், 82 வருகிறதா? பிட் வரிசை தலைகீழ், கடைசி பிட்டைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். முதல் எழுத்து மட்டும் கெட்டு மற்றவை சரியா? கம்பி சும்மா இருக்கும்போது 1-இல் இருக்க வேண்டும், நீங்கள் 0-வில் விட்டிருக்கிறீர்கள். ஒன்றுமே வரவில்லையா? இந்தப் போர்டில் அனுப்பும் கம்பி 17, வாங்கும் கம்பி 18, மாற்றிப் போட்டிருப்பீர்கள்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் யூ என்ற பெரிய எழுத்தை இடைவெளியே இல்லாமல் அனுப்பிக்கொண்டே இருங்கள். அது ஹெக்ஸில் 55. ஸ்டார்ட் பிட் 0, பிறகு 1, 0 என்று மாறி மாறி எட்டு, ஸ்டாப் பிட் 1, எல்லாம் சேர்த்தால் கச்சிதமான சதுர அலை. அலைவெண் பாட் வேகத்தில் பாதி, 57.6 கிலோஹெர்ட்ஸ். ஆஸிலோஸ்கோப் இல்லாதவர்களும் ஹெர்ட்ஸ் காட்டும் சாதாரண மல்டிமீட்டரை 17ஆம் பின்னில் வைத்தால் விடை கையில். 15.5 கிலோஹெர்ட்ஸ் என்று காட்டினால் அந்த 868தான்.

சிப்பில் இடமில்லை என்கிறது, அல்லது ஒன்றுமே பயன்படவில்லை என்கிறது

அறிக்கையில் பூஜ்ஜியம் லுக்அப் டேபிள் என்று வந்தால் உங்கள் வடிவமைப்பு முழுவதையும் கருவி குப்பையில் போட்டுவிட்டது. எந்த அவுட்புட் பின்னுக்கும் போய்ச் சேராத கணக்கை அது வைத்துக்கொள்ளாது. டாப் மாட்யூல் எது என்று தப்பாகச் சொல்லியிருப்பீர்கள், அல்லது க்ளாக் இணைக்கவில்லை.

எதிர்த்திசைத் தொல்லை: 1024 இடம், ஒவ்வொன்றும் 8 பிட், சின்ன நினைவகம்தானே என்று எழுதி, ரீசெட்டில் ஃபார் லூப் போட்டு எல்லா இடத்தையும் பூஜ்ஜியமாக்கினால் மாட்டிக்கொண்டீர்கள். சிப்புக்குள் தனியாக இருக்கும் நினைவகமான பிளாக் ராமால் ஒரே க்ளாக்கில் எல்லா இடத்தையும் அழிக்க முடியாது, அதனால் சின்தசிஸ் ஃபிளிப்-ஃபிளாப்பில் கட்டப் பார்க்கும், 8192 வேண்டும், இருப்பது 6480. அந்த லூப்பைத் தூக்குங்கள், படிப்பதையும் க்ளாக்கோடு படியுங்கள். 468 கிலோபிட் பிளாக் ராம் உள்ளே சும்மா கிடக்கிறது.

சில சமயம் தப்பான எண் வருகிறது, சூடானால் அதிகமாகிறது

டைமிங், அதாவது அடுத்த க்ளாக் வருவதற்குள் கணக்கு முடியவில்லை. எண்ணைத் தசமத்தில் காட்ட 10-ஆல் வகுத்து மீதி எடுக்கும் குறியை ஒரு வரியில் எழுதிவிடுகிறோம், உள்ளே அது நீண்ட கழித்தல் சங்கிலியாக மாறுகிறது, அது முழுவதும் 37 நேனோநொடிக்குள் முடிந்தாக வேண்டும். வகுக்காமல், ஒவ்வொரு இலக்கத்துக்கும் 0 முதல் 9 வரை எண்ணும் தனித்தனிக் கவுண்டர் வைத்துவிடுங்கள், சின்ன வேலை. கோவினின் கருவிக்குப் பதில் யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் என்ற கருவிகளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. அதிகபட்ச அலைவெண்ணுக்குப் பக்கத்தில் பாஸ் என்று போட்டிருக்கும், எந்த வேகத்துக்கு பாஸ் என்று பாருங்கள். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது 12 மெகாஹெர்ட்ஸை இலக்காக எடுத்துக்கொள்ளும். 20-இல் ஓடக்கூடிய சுற்றுக்கும் பாஸ் போடும், உங்கள் போர்டிலோ க்ளாக் 27.

கரண்ட் போனதும் எல்லாம் போய்விட்டது

எஸ்ராமில் ஏற்றியிருக்கிறீர்கள், மின்சாரம் போனால் அதுவும் போகும், போர்டில் தப்பில்லை. புரோகிராமரில் உள் ஃபிளாஷில் எழுதும் தேர்வை எடுங்கள், ஓபன்எஃப்.பி.ஜி.ஏ.லோடர் என்ற கருவியால் ஏற்றுகிறீர்கள் என்றால் ஃபிளாஷுக்கான விருப்பத்தைச் சேர்த்து ஓட்டுங்கள். ஃபிளாஷில் எழுத எஸ்ராமைவிட நேரம் பிடிக்கும், ஆகவே பழகும்போது எஸ்ராமிலேயே ஏற்றிப் பாருங்கள், யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டப் போகும் நாளில் மட்டும் ஃபிளாஷ். எழுதியபின் ஒரு தடவை யூ.எஸ்.பி.யைப் பிடுங்கி, அந்தச் சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளை எடுத்துச் செருகிப் பாருங்கள், அது உருப்படியாகப் பயன்படுகிற இடம் இது ஒன்றுதான்.